மரத்துக்கு உரமேறும் நாள்



தாவரவியல் ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆகவே மரத்தைப் பற்றிப் பேசலாம் என்று அழைத்தவர்களிடம் சொன்னேன். என் கேள்வி, வகுப்பில் கடைசி வரிசைப் பையன் கேட்கக்கூடியதுதான். கடுங்குளிர் நாட்டில் மரம் ஏன் சாவதில்லை? அதற்கு ஓட முடியாது. போர்த்திக்கொள்ள முடியாது. நம்மைப் போல உடம்பில் சூடும் கிடையாது. வெளியே எவ்வளவு குளிரோ உள்ளேயும் அவ்வளவு குளிர்.

நான் நீலகிரியில், ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவன். மார்கழி பிறந்தால் பெரியவர்களின் பேச்சே மாறிவிடும். பகலெல்லாம் மேகமில்லாமல் இருந்து, மாலையில் காற்றும் நின்றுவிட்டால், "இன்னைக்கு ராத்திரி கொட்டும்" என்பார் அப்பா. விடிந்து பார்த்தால் பள்ளத்துச் செடிகளின் மேல் உப்பைத் தூவியதுபோல் இருக்கும். இப்போது அதைப் படம் பிடிக்க வெளியூரிலிருந்து வண்டி கட்டி வருகிறார்கள். எங்களுக்கு அது கூலி போகிற காட்சி. வெயில் ஏறி இரண்டு நாளில் கொழுந்தெல்லாம் தீய்ந்துவிடும். "கருகிப் போச்சு" என்போம். குளிரில் செத்ததைச் சொல்லத் தீயிடமிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறோம். மேட்டில் இருக்கும் செடிக்கு ஒன்றும் ஆகாது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் பள்ளத்துச் செடிகளை மட்டும் மிலார்ச் சுள்ளி பரப்பி மூடுவார்கள்.

பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடத்தில் சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் என்ற ஊரைப் படித்தபோது எனக்குக் குழப்பம் வந்தது. 1892 பிப்ரவரியில் அங்கே மைனஸ் 67.8 டிகிரி பதிவாகியிருக்கிறது. அங்கும் காடு இருக்கிறது, லார்ச் மரக்காடு. எங்கள் தேயிலையோ சுழியத்துக்குச் சற்றுக் கீழே போனாலே கருகுகிறது. லார்ச் பலசாலி, தேயிலை நோஞ்சான் என்று அன்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவு பாதி தவறு என்று தெரியப் பல ஆண்டுகள் ஆயின. அதே லார்ச்சின் துளிர், கோடையில் துளிர்விடும் நேரத்தில் எங்கள் தேயிலைக் கொழுந்தைப் போலவே கருகும். மரத்தின் வலிமையை டிகிரியில் அளப்பதைவிட நாள் கணக்கில் அளப்பதே சரி என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் பனித்துளியும் பனி, மூடுபனியும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. மார்கழிக் குளிரைப் பார்த்த மொழிக்கு அது போதும். இந்தத் தலைப்புக்குப் போதாது. அதனால் உறைபனி என்றே சொல்லப்போகிறேன். மரம் குளிருக்குத் தயாராவதை நாற்றுப்பண்ணைக்காரர்கள் 'ஹார்டனிங்' என்கிறார்கள், சிலர் 'கடினப்படுத்துதல்' என்று எழுதுகிறார்கள். மரம் கல்லாகிவிடவில்லையே! நான் 'உரமேறுதல்' என்கிறேன். உரம் என்றதும் யூரியா மூட்டை நினைவுக்கு வரும். அதற்கு வெகுகாலம் முன்பே அந்தச் சொல்லுக்கு வலிமை என்று பொருள்.

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் சப்போரோ என்ற நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் தாழ்வெப்பநிலை அறிவியல் நிறுவனத்தில் அகிரா சகாய் என்ற ஆய்வாளர் குளிர்காலத்தில் வில்லோ, பாப்லர் மரக் குச்சிகளை வெட்டி எடுத்தார். அவற்றை மெல்ல மெல்ல மைனஸ் 30 டிகிரி வரை குளிர்வித்தார். பிறகு திரவ நைட்ரஜனுக்குள், அதாவது மைனஸ் 196 டிகிரியில், அமிழ்த்தினார். வெளியே எடுத்து மெல்ல உருகவிட்டபோது குச்சிகள் உயிரோடு இருந்தன, துளிர்த்து வேர்விட்டன. 1960-இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது. பூமியில் இதுவரை காற்றில் அளந்த மிகக் கடுமையான குளிரே மைனஸ் 89.2 டிகிரிதான், 1983-இல் அண்டார்க்டிகாவின் வோஸ்தோக் நிலையத்தில். எந்த மரத்துக்கும் எந்தக் காலத்திலும் தேவைப்படாத அளவுக்கு அந்தக் குச்சியில் தாங்கும் சக்தி இருந்திருக்கிறது. ஆனால் கோடையில் வெட்டிய குச்சி உறைநிலைக்குச் சில டிகிரி கீழே போனதுமே செத்துப்போகும். மரம் அதேதான். மாதம் வேறு.

அமெரிக்காவின் மினசோட்டாவில் இன்னொரு சோதனை நடந்தது. டாக்வுட் என்று ஒரு புதர். குளிர்காலத்தில் தண்டு சிவந்து அழகாக நிற்கும். வட அமெரிக்காவில் பரவலாக வளர்வது. மிதமான கடலோரத்திலிருந்தும் கொடுங்குளிர் அடிக்கும் உட்பகுதியிலிருந்தும் அந்தச் செடிகளைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் நட்டார்கள். கான்ராட் வைசரும் அவருடைய மாணவரும் 1968-இல் வெளியிட்ட முடிவு இது: நடுக்குளிர்காலத்தில் எல்லாச் செடிகளுமே அசாத்திய குளிரைத் தாங்கின. கடலோரச் செடி ஒன்றும் மட்டம் இல்லை. வேறுபாடு எங்கே என்றால், உரமேறத் தொடங்கிய தேதியில். உட்பகுதிச் செடி முன்கூட்டியே வளர்ச்சியை நிறுத்தித் தயாராகிவிட்டது. கடலோரச் செடி, பிறந்த ஊரில் குளிர் தாமதமாக வரும் என்ற கணக்கில் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. முதல் உறைபனி வந்தபோது ஒன்று கதவைச் சாத்திவிட்டிருந்தது, மற்றொன்று திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

அதே மினசோட்டாவில் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பு பீட்டர் கிடியன் என்பவர் இதை அறியாமலே இதோடு மல்லுக்கட்டினார். 1853-இல் அங்கே குடியேறி ஆப்பிள் நட்டுக்கொண்டே இருந்தார். ஆண்டுதோறும் குளிர் கொன்றுகொண்டே இருந்தது. கையில் மிஞ்சிய கடைசி 8 டாலருக்குக் கோட்டு வாங்காமல் ஆப்பிள் விதை வரவழைத்தார் என்றும், பழந்துணிகளைச் சேர்த்துத் தைத்து அந்தக் குளிர்காலத்தை ஓட்டினார் என்றும் ஒரு கதை உண்டு. கடைசியில் தேறிய மரத்துக்கு மனைவியின் பெயரை வைத்தார்: வெல்த்தி. தோட்டக்காரனின் மனைவிக்கு இதைவிடப் பொருத்தமான ஈடு கிடையாது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, மரத்துக்குத் தேதி எப்படித் தெரியும்? குளிர் வந்ததும் விழித்துக்கொள்ளலாம் என்றால் காலம் கடந்துவிடும். உரமேறப் பல வாரங்கள் வேண்டும். செப்டம்பரில் ஒரு வாரம் வெயில் அடிக்கும், அடுத்த வாரம் குளிரும். தட்பவெப்பத்தை நம்பினால் ஏமாறத்தான் வேண்டும். ஏமாற்றாத ஒன்று பகலின் நீளம். கோடை உச்சியைத் தாண்டியதும் பகல் சுருங்குகிறது, இரவு நீள்கிறது. எந்த ஆண்டும் ஒரு நிமிடம் மாறுவதில்லை. இலையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இரவை அளக்கிறது. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டால் பல மரங்கள் அதை இரண்டு குட்டி இரவுகளாக எடுத்துக்கொண்டு தொடர்ந்து வளரும். 1936-இல் மாட்ஸ்கே என்ற தாவரவியலாளர் நியூயார்க் தெருக்களில் நடந்து பார்த்து ஒன்றை எழுதினார்: தெருவிளக்கை ஒட்டிய கிளைகளில் இலை உதிர்வது தாமதமாகிறது. ஒரே மரத்தில் ஒரு பக்கத்துக்கு இலையுதிர்காலம், மறுபக்கத்துக்கு இன்னும் கோடை.

இரவு எவ்வளவு நீண்டால் நிறுத்த வேண்டும் என்பது ஊருக்கு ஊர் வேறு. 1954-இல் பாலியும் பெர்ரியும் வடக்கே வெகுதொலைவிலிருந்து பாப்லர்களை மாசசூசெட்ஸுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். வடக்கில் கோடைப் பகல் மிக நீளம். தெற்கே வந்த அந்த மரங்களுக்கு ஜூன் மாதத்துப் பகலே குளிர்காலத்துக்கு முந்திய பகலைப்போலத் தெரிந்தது. நல்ல வெயில், நல்ல மழை, வளமான மண்; எல்லாம் இருக்க, ஜூன் மாதமே வளர்ச்சியை நிறுத்தி மொட்டை மூடிக்கொண்டன. குளிர் வர இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. 2006-இல் ஸ்வீடனின் உமேயோ நகரத்து ஆய்வாளர்கள், ஆஸ்பென் மரத்தில் இந்த முடிவை எடுப்பது எது என்று காட்டினார்கள். சிறு செடிகளில் எப்போது பூக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற அதே மரபணு ஜோடிதான், மரத்தில் எப்போது வளர்வதை நிறுத்த வேண்டும் என்றும் தீர்மானிக்கிறது. இயற்கை புதிதாக ஒரு கருவி செய்யவில்லை. பழைய கடிகாரத்துக்கு இன்னொரு மணியை மாட்டிவிட்டது.

எல்லா மரமும் இப்படியென்று எழுதிக்கொள்ளாதீர்கள், மாணவர்களே. ஆப்பிளும் பேரியும் பகல் நீளத்தைக் கண்டுகொள்வதில்லை. ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கினால்தான் அவை நிறுத்தும். நார்வேயில் 2005-இல் இதைக் காட்டியபோது பாடநூல்கள் சற்றுச் சங்கடப்பட்டன.

நம் மலையில் என்ன நிலை என்று கேட்பீர்கள். உதகையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றேகால் மணி நேரத்தைச் சற்றே தாண்டும். நாட்காட்டியின் எழுத்து அங்கே மங்கல். எங்கள் சோலை மரங்கள் வேறு வழி கண்டிருக்கின்றன. அவை ஒன்றையொன்று நெருங்கி நின்று கூரை போடுகின்றன. அந்தக் கூரைக்கு அடியில் உறைபனி இறங்குவதில்லை. ஓரடி வெளியே, புல்வெளியில், வெள்ளையாகக் கொட்டிக்கிடக்கும். சோலை ஏன் புல்வெளிக்குள் பரவுவதில்லை என்று 1938-இலேயே வன அலுவலர் சி. ஆர். ரங்கநாதன் எழுதினார், உறைபனிதான் வேலி என்பது அவர் வாதம். தீயும் மேய்ச்சலும்தான் காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. அண்மையில் புல்வெளியில் நாற்று நட்டுப் பார்த்த ஆய்வு ரங்கநாதன் பக்கம் சாய்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரத்தின் நாற்றுகள் அந்த வேலியைத் தாண்டிவிடுகின்றன என்பதுதான் அதில் கவலைக்குரிய செய்தி.

வடக்குக்குத் திரும்புவோம். வளர்ச்சியை நிறுத்தி மொட்டை மூடிக்கொள்வது முதல் படி. அதில் சில டிகிரி தாங்கும் சக்தி கிடைக்கும். இரண்டாம் படியைத் தொடங்கிவைப்பது குளிரே. முதலில் உறையாத குளிர், பிறகு இலேசான உறைபனி. எதிரியின் சிறு அடியே பயிற்சி. ஆனால் முதல் படி ஏறாத மரத்துக்கு அதே இலேசான உறைபனி பயிற்சி ஆகாது, சாவு.

இந்த இரண்டாம் படியில் உள்ளே நடப்பதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 விழுக்காடு பெருக்கும், அதனால் செல் வெடித்துச் சாகும் என்று நாமெல்லாம் பள்ளியில் கேட்டிருக்கிறோம். ஃப்ரீசரில் மறந்து வைத்த சோடா பாட்டில்தான் நமக்கு உவமை. உரமேறிய மரத்தில் அது நடப்பதில்லை. பனிக்கட்டி செல்லுக்கு வெளியே, செல்களுக்கு இடையிலான இண்டு இடுக்கில் உருவாகிறது. உருவான பனிக்கட்டி, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரைச் சவ்வு வழியே வெளியே இழுக்கிறது. மைனஸ் 10 டிகிரி வருவதற்குள் செல்லின் நகரக்கூடிய நீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வெளியேறிவிடும். செல் சுருங்கி வற்றலாகிறது. ஆக, குளிர்காலத்து மரம் அனுபவிப்பது ஒருவகை வறட்சி. வெயிலில் காயப்போட்ட மிளகாய் வற்றலும் சைபீரிய லார்ச்சின் பட்டைச் செல்லும் உறவுக்காரர்கள். எங்கள் ஊரில் 'கருகிப் போச்சு' என்று சொன்னது அவ்வளவு தவறில்லை என்று பின்னாளில் புரிந்தது.

அப்படி வற்றும்போது சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், புரதங்கள் சிதையும். மரம் அதற்குத்தான் வாரக்கணக்கில் தயாராகிறது. கோடையில் சேர்த்த மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. சவ்வின் கொழுப்பை இளகலாக மாற்றிக்கொள்கிறது. நீர் போன இடத்தில் முட்டுக்கொடுக்கும் டிஹைட்ரின் என்ற புரதங்களைச் செய்து வைக்கிறது. சர்க்கரையும் புரதமும் செறிந்த அந்தக் கடைசிச் சொட்டு, பாகு போலக் கெட்டியாகிறது. 1985-இல் ஹிர்ஷும் அவர் கூட்டாளிகளும் பாப்லர் மரத்தில் அளந்தார்கள்: மைனஸ் 28 டிகிரி அளவில் அந்தப் பாகு படிகமாகாமல் கண்ணாடியாகிவிடுகிறது. மிட்டாய்க்காரர் பாகை இறக்கி வைத்ததும் அது கண்ணாடி போல இறுகுமே, அதேதான். கண்ணாடியானபின் எதுவும் நகராது. நகராத இடத்தில் கேடும் நேராது. சகாய் ஏன் மைனஸ் 30 வரை மெல்லப் போனார், அதன்பின் எவ்வளவு வேகமாக அமிழ்த்தினாலும் குச்சிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு 25 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை இது.

எல்லா மரத்துக்கும் இந்தக் கலை வாய்க்கவில்லை. ஓக், ஆப்பிள் போன்றவற்றின் கட்டைக்குள் இருக்கும் செல்கள் தண்ணீரை வெளியே விடுவதில்லை. உறைநிலைக்குக் கீழேயும் நீரை நீராகவே வைத்துக்கொள்கின்றன. மீக்குளிர்வு என்பார்கள். தூசு தும்பு இல்லாத சுத்த நீர் இப்படி மைனஸ் 40 வரை ஏமாற்றலாம். அதற்குமேல் இயற்பியல் விடாது. மைனஸ் 40-இல் செல்லுக்குள்ளேயே உறைந்து செல் சாகும். வட அமெரிக்காவில் இத்தகைய மரங்கள் பலவற்றின் வட எல்லை, குளிர் மைனஸ் 40-ஐத் தொடும் கோட்டை ஒட்டியே ஓடுகிறது. அதற்கு வடக்கே பிர்ச், பாப்லர், வில்லோ, லார்ச். வற்றத் தெரிந்தவர்களின் நாடு.

இவ்வளவு பாடுபட்டு ஏறிய உரம் இறங்க எவ்வளவு காலம் ஆகும்? சில நாட்கள் போதும். ஏற வாரங்கள், இறங்க நாட்கள், ஆபத்து இங்கேதான். அதனால் பல மரங்கள் ஒரு பூட்டு வைத்திருக்கின்றன. குறிப்பிட்ட காலம் குளிரை அனுபவித்தாலன்றி மொட்டு விழிக்காது. ஃபிரெடரிக் கோவில் என்பவர் 1920-இல் இதை அழகாகக் காட்டினார். கண்ணாடி வீட்டுக்குள் வெதுவெதுப்பில் ஒரு புளூபெரிச் செடி. அதன் ஒரே ஒரு கிளையை மட்டும் துளை வழியே வெளியே குளிரில் நீட்டிவிட்டார். வசந்தத்தில் குளிரில் வாடிய கிளை துளிர்த்தது. சொகுசாக உள்ளே இருந்தவை தூங்கிக்கொண்டே இருந்தன. குளிரே இல்லாத கிழக்கு ஜாவாவின் பாத்து மலைப்பகுதியில் ஆப்பிள் விவசாயிகள், அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவிவிடுகிறார்கள். மரம் ஆழ்ந்து தூங்குவதற்குமுன் எழுப்பிவிடும் உபாயம். ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தரவில்லை என்று நினைக்கிறேன்.

ஆரஞ்சுக்கு இந்தப் பூட்டு இல்லை. அதனிடம் இருப்பது தெர்மாமீட்டர் மட்டும். அமெரிக்காவின் புளோரிடாவில் 1894 டிசம்பர் கடைசியில் கடும் உறைபனி வந்தது. பழம் போனது, இலை போனது, மரம் பிழைத்தது. ஜனவரி முழுக்க இதமான வெயில். மரங்கள் நம்பித் துளிர்விட்டன, பட்டைக்கடியில் சாறு ஓடத் தொடங்கியது. 1895 பிப்ரவரி 7 அன்று இரண்டாவது அடி விழுந்தது. பட்டை பிளந்து மரங்கள் அடியோடு செத்தன. ஐம்பது லட்சம் பெட்டிக்கு மேல் இருந்த விளைச்சல், அடுத்த பருவத்தில் ஒன்றிரண்டு லட்சத்துக்குள் சுருங்கியது. பிரான்சின் ப்ரொவான்ஸ் பகுதியில் 1956-இல் நடந்ததும் இதே நாடகம். இதமான ஜனவரி, கொடிய பிப்ரவரி, லட்சக்கணக்கில் ஆலிவ் மரங்கள். அடிமரத்தை வெட்டிவிட்டார்கள், வேரிலிருந்து மறுபடி கிளைத்தது. இன்றும் அங்கே ஒரே தூரில் மூன்று நான்கு தண்டுகளோடு நிற்கும் ஆலிவ்களைப் பார்த்தால், பெரும்பாலும் அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு எழுந்தவை என்று வைத்துக்கொள்ளலாம்.

பூமி சூடாகிறதே, மரங்களுக்கு உறைபனித் தொல்லை குறையும் அல்லவா என்று கேட்பவர்களிடம் நான் 2007-ஐச் சொல்வேன். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அந்த மார்ச் வழக்கத்தைவிட மிகவும் வெதுவெதுப்பு. காடுகள் சீக்கிரமே துளிர்த்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் வந்த குளிர், உரமேறிய மரத்துக்கு ஒன்றும் கொடியதல்ல. ஆனால் அது வந்தபோது காடு உரம் இறக்கிவைத்துவிட்டு நின்றது. துளிரெல்லாம் கருகியது.

கடைசியாக நார்வே. அந்நாட்டின் வடபகுதியில் ஸ்புரூஸ் மரத்துக்கு விதை முற்றுவது அரிது, கோடை போதாது. அதனால் வடக்கத்தி மரங்களிலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்டி, தெற்கே மிதமான லிங்டால் பகுதியில் விதைத்தோட்டம் போட்டார்கள். நல்ல யோசனைதான். விதையும் காய்த்தது. 1980-களில் அந்த விதையில் முளைத்த நாற்றுகளைப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். வடக்கத்திப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் தெற்கத்தி மரங்களைப் போலத் தாமதமாக மொட்டு மூடின, இலையுதிர்காலத்தில் குளிர் தாங்கவில்லை. அக்கம்பக்கத்துத் தெற்கத்தி மகரந்தம் கலந்திருக்கும் என்பதே முதல் சந்தேகம். யாருக்கும் அப்படித்தானே தோன்றும். ஓய்ஸ்டெய்ன் யோன்சென், டோரே ஸ்க்ரோப்பா முதலியோர் தாயும் தந்தையும் இன்னதென்று அறிந்த கலப்புகளைக் குளிர்ந்த இடத்திலும் வெதுவெதுப்பான இடத்திலும் செய்து பார்த்தார்கள். மகரந்தத்தின் மீது குற்றமில்லை. விதைக்குள் கரு வளர்ந்த நாட்களின் வெப்பம், பிள்ளை மரம் எந்தத் தேதியில் மொட்டு மூடும் என்பதை எழுதிவிட்டிருந்தது. மரபணுவின் எழுத்து மாறவில்லை. அதைப் படிக்கும் விதம் மாறியிருக்கிறது.

தாய் மரம்தான் ஏதோ சொல்லி அனுப்புகிறதா? 2008-இல் க்வாலெனும் யோன்செனும் தாயையே விலக்கிவிட்டுப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பெருக்கிய செல்களை ஆய்வகத்தில் 18, 23, 28 டிகிரிகளில் கருவாக வளர்த்தார்கள். பிறகு எல்லா நாற்றுகளையும் ஒரே இடத்தில், ஒரே வெயிலில், ஒரே இரவில் வைத்தார்கள். இரவு நீண்டபோது 18 டிகிரியில் கருவாக இருந்தவை முதலில் மொட்டை மூடின. 28 டிகிரியில் கருவாக இருந்தவை, பக்கத்துத் தொட்டிகளில், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தன.